ஆணி அடிக்காத மரப்பாலம்

கண்டிச் சீமைக்கு வழி விட்ட பாலம் எங்கே போயிற்று?

பசுவந்தனையில் ஆறு கிடையாது.

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே உள்ள கரிசல் ஊர் அது. கைலாசநாதர் கோவில் இருக்கிறது. சுற்றிலும் பருத்தி, கம்பு, உளுந்து, பாசிப்பயறு. மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் ஓடும். மழை நின்று சில நாளில் ஓடை காய்ந்துவிடும். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் ஓடைக்குள் இறங்கி, செருப்புக்கூட நனையாமல் அக்கரை ஏறிவிடலாம்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஓர் ஆற்றுப் பாலத்தின் கதையைத் தொடங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கரிசல் காட்டு ஜனங்களுக்கும் அந்தப் பாலத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. பாலம் இருந்தது கடலுக்கு அப்பால். இலங்கையில், கண்டிக்கு அருகே, பேராதனை என்ற இடத்தில், மகாவலி கங்கையின் மேல் அது நின்றது. முழுக்க முழுக்க மரத்தால் ஆன பாலம். சுமார் 70 வருஷம் வண்டி, மாடு, பட்டாளம், பாரம் எல்லாவற்றையும் சுமந்தது. இன்றைக்கு அது இல்லை.

இல்லாத பாலத்தைப் பற்றி இப்போது என்ன பேச்சு?

காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா என்ற புயல் இலங்கையைத் தாக்கியது. நவம்பர் 28-ந் தேதி கிழக்குக் கரையில் ஏறிய புயல், மலைநாட்டில் மழையாகக் கொட்டித் தீர்த்தது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலை சரிந்தது. மண்ணுக்குள் வீடுகள் புதைந்தன. 600-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். சாலைகள் அறுந்தன. பாலங்கள் பல உடைந்தன. பேராதனையில் மகாவலியின் மேல் செல்லும் ரெயில் பாலமும் தப்பவில்லை.

மரப்பாலம் ஒரு காலத்தில் நின்ற அதே ஆறு. அதே ஊர்.

கண்டிக்கு வழி

கண்டி ராஜ்யம் 1815-ல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆனால் ராஜ்யத்தைப் பிடித்தது பெரிதல்ல. பிடித்ததை வைத்துக்கொள்ள வேண்டுமே! 1817, 1818-ல் பெரிய கலகம் மூண்டது. அப்போதுதான் வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று புரிந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் பீரங்கி போக நல்ல சாலை இல்லை. காடு, மலை, பள்ளத்தாக்கு, நடுவே ஆறு.

எட்வர்டு பார்ன்ஸ் என்ற கவர்னர் சாலை போடுவதில் முனைந்தார். 1820-களில் கொழும்பு - கண்டி சாலை உருவாயிற்று. மலையைத் துளைத்துக்கொண்டு அன்னியன் வந்தால் கண்டி அவனுக்கு அடிமைப்படும் என்று அந்நாட்டில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே என்ஜினீயர்கள் பாறையைக் குடைந்து சாலை போட்டார்கள். 1832-ல் அந்தச் சாலையில் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது.

ஆனால் கண்டியின் வாசலில் மகாவலி குறுக்கே கிடந்தது. பேராதனையில் இறங்கி, பரிசல் துறையில் காத்திருந்து அக்கரை போக வேண்டும். மழைக் காலத்தில் துறையே இருக்காது. பட்டாளமும் காத்திருக்க வேண்டும். தபாலும் காத்திருக்க வேண்டும்.

அங்கே பாலம் கட்டும் பொறுப்பு ஜான் பிரேசர் என்ற ராணுவ அதிகாரிக்கு வந்தது. இலங்கையின் சாலைகளையும் நிலப்படத்தையும் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அவர். 1832, 1833-ல் பாலம் எழுந்தது.

ஒரே வளைவு

பாலத்தின் கணக்கைக் கேட்டால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

கரையிலிருந்து கரைக்கு 205 அடி. நடுவில் ஒரு தூண்கூட இல்லை! ஒரே வளைவு. ஐந்து பஸ்களை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் மரம் ஆற்றுக்கு மேலே தாவி நின்றது. சாதாரண நாளில் தண்ணீர் மட்டத்துக்கும் பாலத்துக்கும் இடையே 67 அடி. நல்ல உயரமான பனை ஒன்றைக் கீழே நிறுத்திவிடலாம்.

எந்த மரம்? ஈழத்தில் அதை முதிரை என்பார்கள். தமிழ்நாட்டில் பொரசு என்று சொல்லும் மரமும் அதுதான். அறுத்து இழைத்தால் பட்டுத் துணிபோலப் பளபளக்கும். நல்ல கனம். எளிதில் செல் அரிக்காது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், முதிரை மழை நாட்டு மரம் அல்ல. இலங்கையின் வடக்கு, கிழக்குப் பக்கத்து வறண்ட காட்டில் வளர்வது. வறண்ட பூமியில் மெல்ல மெல்ல வளர்ந்து வைரம் பாய்ந்த மரத்தைத்தான் ஓயாமல் மழை பெய்யும் மலைநாட்டில் பாலமாக்கினார்கள்.

ஆணியும் திருகும் இல்லாமல் கட்டிய பாலம் என்று அதைப் பற்றி எழுதியவர்கள் வியந்தார்கள். அது எப்படி முடியும்?

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிற்க வையுங்கள். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, ஒருவர்மேல் ஒருவர் சாயச் சொல்லுங்கள். இருவரும் விழ மாட்டார்கள். ஒருவர் பாரம் மற்றவரைத் தாங்குகிறது. கைகளைக் கயிறு போட்டுக் கட்டத் தேவை இல்லை. சாயச் சாய இறுக்கம் கூடும். ஆனால் கால் வழுக்கக் கூடாது. கால் வழுக்கினால் இருவரும் கீழே விழுவார்கள்.

வளைவுப் பாலத்தின் ரகசியம் இவ்வளவுதான். கட்டைகள் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. மேலே பாரம் ஏற ஏற அவை இன்னும் நெருக்கிக்கொள்கின்றன. காலுக்குப் பதிலாக இரு கரையிலும் உறுதியான கட்டுமானம் வேண்டும். பேராதனையில் அது அமைந்தது.

205 அடி நீளத்துக்கு எந்த மரமும் கிடையாது. அதனால் சிறு சிறு கட்டைகளாக அறுத்து, முனையோடு முனை பொருத்தி, வளைவாக அடுக்கினார்கள். அப்படி நான்கு பெரிய விலா. விலா ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. ஒரு கட்டையின் நீளம் ஏறக்குறைய 16, 17 அடிதான். மாட்டு வண்டியில் ஏற்றிக் காட்டு வழியே கொண்டு வரக்கூடிய அளவு அது. ஆட்கள் தோள் கொடுத்துத் தூக்கக்கூடிய அளவு.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பாலம், ஆனால் சிறிய துண்டுகள்.

அந்தக் கட்டைகளைக் காட்டில் வெட்டியவர்கள் யார், இழைத்த தச்சர்கள் யார் என்று பெயர் சொல்லிப் பழைய புத்தகங்கள் எழுதவில்லை. என்ஜினீயர் பெயர் மட்டும் நின்றது.

காப்பி இறங்கியது, ஆட்கள் ஏறினார்கள்

பாலம் பட்டாளத்துக்காகக் கட்டப்பட்டது. ஆனால் அதைப் பயன்படுத்தியது காப்பி!

கம்பளையில் 1824-ல் ஜார்ஜ் பேர்டு என்ற வெள்ளைக்காரர் காப்பித் தோட்டம் போட்டார். அடுத்த வருஷம் கவர்னர் பார்ன்சே பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் ஒரு தோட்டம் திறந்தார். கவர்னரே தோட்டக்காரர் ஆனால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1830-களின் கடைசியிலும் 1840-களிலும் மலைநாட்டில் காப்பி வெறி பிடித்தது. காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். மூட்டைகள் மாட்டு வண்டிகளில் ஏறின. கண்டிப் பக்கத்து வண்டிகள் பேராதனை மரப்பாலத்தைத் தாண்டிக் கொழும்புத் துறைமுகத்துக்குப் போயின. 1867-ல் கண்டிக்கு ரெயில் வரும் வரையில் இந்தப் பாலத்துக்கு ஓய்வே இல்லை.

காப்பி பறிக்க ஆள் வேண்டுமே. எங்கிருந்து வந்தார்கள்?

திருநெல்வேலிச் சீமையிலிருந்து, மதுரையிலிருந்து, ராமநாதபுரத்திலிருந்து, புதுக்கோட்டையிலிருந்து, திருச்சியிலிருந்து, சேலத்திலிருந்து. கரிசல் காடு பொய்த்த வருஷமெல்லாம் கூட்டம் அதிகமாயிற்று. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். "கண்டிச் சீமைக்குப் போகிறோம்" என்றால் எல்லாருக்கும் புரியும்.

கங்காணி வருவார். முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் ஒரு துண்டுச் சீட்டில் ஏறும். தோட்டம் மாறினால் துண்டும் கூடவே போகும். கடன் தீர்ந்தவர் சிலர்; தீராதவர் பலர். இந்தத் துண்டு முறையை 1921-ல்தான் ஒழித்தார்கள்.

முதல் காலத்தில் போனவர்கள் நடந்தே போனார்கள். ராமேசுவரம் பக்கம் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளை, மாத்தளை என்று மலை ஏறினார்கள். தண்ணீர் இல்லாத காடு. யானை நடமாடும் காடு. காலராவிலும் பசியிலும் வழியிலே விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளை முத்துமாரியம்மன் சன்னிதியில் உயிரோடு வந்து சேர்ந்ததற்காகக் கும்பிட்டவர்கள் அதிலும் அதிகம். அங்கிருந்து கண்டி. கண்டியைத் தாண்டிக் கம்பளை, புசல்லாவைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பேராதனையில் ஆற்றைக் கடந்தாக வேண்டும்.

ஓடையைத் தவிர வேறு நீரோட்டம் பார்த்திராத கரிசல் காட்டுக் குடும்பம் ஒன்று, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக, 67 அடிக்குக் கீழே சுழித்து ஓடும் மகாவலியைப் பார்த்துக்கொண்டு அந்த மரப்பலகைகளின்மேல் நடந்திருக்கும்!

பிற்காலத்தில் வழி மாறியது. தூத்துக்குடிக்கு மேற்கே தட்டப்பாறையில் கூலி முகாம் இருந்தது. பசுவந்தனை வட்டாரத்துக்கு அது பக்கத்து ஊர்தான். அங்கே நோய் இருக்கிறதா என்று பார்த்து, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வந்த பிறகு மண்டபம் முகாம் பெரிதாயிற்று.

பாலம் போன விதம்

மரப்பாலத்தை வெள்ளம் கொண்டு போனதா? இல்லை.

தீ பிடித்ததா? அதுவும் இல்லை.

1905 வாக்கில் அதை எடுத்துவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள். அவ்வளவுதான். அதற்குள் காப்பி அழிந்துவிட்டது. இலையில் விழுந்த ஒரு பூஞ்சை நோய், 1869-ல் தலை காட்டி, பத்துப் பதினைந்து வருஷத்தில் காப்பித் தோட்டங்களைச் சாய்த்தது. காப்பி இருந்த இடத்தில் தேயிலை வந்தது. ரெயில் வந்தது. இரும்பு மலிவாயிற்று. மரப்பாலத்தின் காலம் முடிந்தது. பழைய நிழற்படங்களிலும் தபால் அட்டைகளிலும் மட்டும் அது மிஞ்சி நிற்கிறது.

ஆனால் அது நின்ற 70 வருஷத்தில் எத்தனை மழைக்காலம் வந்திருக்கும்! மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் தண்ணீர் மட்டும் கொண்டு வராது. வேரோடு பிடுங்கிய மரங்களைக் கொண்டு வரும். மூங்கில் புதரைக் கொண்டு வரும். ஆற்றின் நடுவே தூண் இருந்தால் இவையெல்லாம் தூணில் சிக்கும். சிக்கியது அணை போலாகும். அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறும். தூணுக்கு அடியில் மண் அரிக்கும். பிறகு பாலம் போகும். பேராதனை மரப்பாலத்தில் சிக்குவதற்குத் தூணே இல்லை. வெள்ளம் தன் வழியே போயிற்று.

அதே பத்து வருஷத்துக்குள் நம் பக்கத்திலும் ஒரு பாலம் எழுந்தது. அதுதான் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியின்மேல் 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டியது. அதில் 11 வளைவுகள். 1869-ல் வந்த பெருவெள்ளம் சில வளைவுகளை அடித்துக்கொண்டு போயிற்று. மீண்டும் கட்டினார்கள், பாலம் இன்றைக்கும் பயன்படுகிறது. முதலியார் பாலத்தைக் குறை சொல்ல முடியாது. தாமிரபரணி அங்கே மிக அகலம். ஒரே வளைவில் தாண்டுகிற ஆறு அல்ல. தூண் வைத்துத்தான் தீர வேண்டும். தூண் வைத்தால் அதைக் காவல் காக்கவும் வேண்டும்.

காவல் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அறியும். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்ட அந்த ரெயில் அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. வெள்ளம் பாலத்தருகே அரித்திருந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தென்சீமையில் அழுகுரல் கேட்காத ஊர் குறைவு. ரெயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பு ஏற்றுப் பதவியை விட்டார்.

அதே சாஸ்திரி பிரதமரான பிறகு, 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். மலைநாட்டுத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது. 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. பாலம் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளை இரண்டு சர்க்கார்களும் இப்படி எண்ணிப் பிரித்துக்கொண்டன. அதே வருஷம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. போன வழியும் போயிற்று.

இப்போது நடப்பது

இலங்கையில் தங்கியவர்கள் மலையகத் தமிழர். 1948-ல் பறிபோன குடியுரிமை சிறிது சிறிதாகத் திரும்பி வந்தது. 2003 சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. அவர்கள் முன்னோர் வந்து 200 வருஷம் ஆனதை 2023-ல் நினைவு கூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, அதே வழியில், பாத யாத்திரையாக நடந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் புயல் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் லயங்கள் மலைச் சரிவில் இருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்து வரிசை வீடுகள் பல. நல்ல சமதளத்தில் தேயிலையோ தொழிற்சாலையோ இருக்கும். சரிவில் லயம் இருக்கும். மண் சரிந்தால் முதலில் சரிவது எது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தியா உதவிக்குப் போயிற்று. சாப்பாடு, மருந்து, மீட்புப் படை, அதன்பின் பாலம்! பெய்லி பாலம் என்று அதற்குப் பெயர். விமானத்தில் ஏற்றிக் கொண்டு போனார்கள். வடக்கே கிளிநொச்சிப் பகுதியில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் சாலையில், 120 அடிப் பாலத்தை இந்திய ராணுவ என்ஜினீயர்கள் பூட்டினார்கள். அதன் எடை 110 டன். 2025 டிசம்பர் 23-ந் தேதி, இந்திய வெளிநாட்டு மந்திரி ஜெய்சங்கர் இலங்கை சென்றபோது அது திறக்கப்பட்டது. அதே சமயத்தில் 45 கோடி டாலர் உதவித் திட்டத்தையும் அவர் அறிவித்தார்.

பெய்லி பாலத்தைக் கண்டுபிடித்தவர் டொனால்டு பெய்லி என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, 1940, 1941-ல் உருவாக்கினார். எதிரி உடைத்த பாலத்துக்குப் பதிலாக ஒரே இரவில் இன்னொன்று வேண்டும், பெரிய யந்திரம் கிடையாது, ஆட்கள் உண்டு. என்ன செய்வது? பாலத்தைத் துண்டாக்கினார். ஒரு துண்டு 10 அடி நீளம், 5 அடி உயரம். ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். துண்டுகளைத் தடித்த முளை செருகிப் பூட்டினால் பாலம். கழற்றினால் மீண்டும் துண்டு.

பிரேசரின் 16 அடிக் கட்டைகள் நினைவுக்கு வருகின்றனவா? ஒன்று முதிரை மரம், மற்றது எஃகு. நடுவே நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஆனால் மனிதத் தோள் எவ்வளவு தாங்குமோ அந்த அளவிலிருந்துதான் இரண்டு கணக்கும் தொடங்குகிறது. மலைநாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். சாலை அறுந்த இடத்துக்குப் பெரிய கான்கிரீட் தூலம் ஏற்றிய லாரி எப்படிப் போகும்? ஆட்கள் தூக்கிப் போகும் பாலம்தான் முதலில் போய்ச் சேரும்.

அதே சமயம், அவசரப் பாலத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அது வந்ததும் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். வண்டி ஓடுகிறது அல்லவா? நிரந்தரப் பாலம் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். அப்புறம் என்பது பல சமயம் பத்து வருஷம். பூட்டிய முளைகளை அடிக்கடி சோதிக்க வேண்டும். பாரத்துக்கு வரம்பு வைக்க வேண்டும். வரம்பை மீறும் லாரியைத் தடுக்க ஆள் வேண்டும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. புயலுக்குப் பிறகு எந்தப் பாலம் முதலில் எழும்? பெரிய சாலைப் பாலம், ரெயில் பாலம். அது நியாயமும்கூட. அரிசி லாரி அந்த வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே உள்ள ஓடையின்மேல் கிடக்கும் நடைபாலம்? அதற்கு இலக்கம் கிடையாது. எந்த இலாகாவின் கணக்கில் அது வரும்? தோட்டத்துக் கம்பெனியா, பிரதேச சபையா, சாலை இலாகாவா? மூன்று பேருக்குச் சொந்தமான மாடு பட்டினி கிடந்த கதைதான். காலையில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் தினம் கடப்பது அந்த நடைபாலத்தைத்தான். பிரசவ வலி எடுத்தவளைத் தூக்கிப் போவதும் அதன் வழியாகத்தான்.

காப்பி மூட்டைக்கு 205 அடியில் ஒரு பாலம் கிடைத்தது. மூட்டை கட்டியவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு மூங்கில் கிடந்தால் அதிகம். அன்றைய நிலை அது. இப்போது கோடிக்கணக்கில் பணம் செலவழித்து மலைநாட்டைத் திரும்பக் கட்டப் போகிறார்கள். நடைபாலங்களையும் எண்ணி, இலக்கம் போட்டு, செலவுக் கணக்கில் சேர்க்க இதைவிட நல்ல சமயம் வராது. ஆறு பேர் தூக்கும் துண்டுகளால் 120 அடிப் பாலம் பூட்ட முடிகிறபோது, 20 அடி ஓடைக்கு ஒன்று பூட்டுவது பெரிய வித்தை அல்ல.

கரிசல் காட்டிலும்

கடல் தாண்டி யோசனை சொல்கிறவர்கள் சொந்த ஊரையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! ஒரு வருஷத்து மழை ஒரு நாளில் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரெயில் நடுவழியில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். ஏரலில் தாமிரபரணிப் பாலத்து வழி அறுந்து போக்குவரத்து நின்றது. குளங்கள் உடைந்தன.

கரிசல் மண்ணுக்குத் தனிக் குணம் உண்டு. வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் ஊறி வீங்கும். வெடிப்பதும் வீங்குவதுமாக அது கட்டடத்தின் அடியை ஆட்டிக்கொண்டே இருக்கும். பாலத்தின் கால் இந்த மண்ணில் மேலோட்டமாக நின்றால் வருஷம் போகப் போகச் சாயும். ஆழமாகத் தோண்டிக் கெட்டித் தரையில் நிற்க வேண்டும். ஓடைதானே, ஆறு இல்லையே என்று நினைத்துத் தரைப்பாலம் போட்டுவிடுகிறோம். அடியில் இரண்டு குழாய். மழை வந்தால் வேலிக் கருவேல் முள் வந்து குழாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மேலே ஏறி ஓடும். பேராதனையில் பெரிய ஆற்றுக்கு வழி விட்டு நின்றார்கள். இங்கே சின்ன ஓடையின் வாயை அடைத்து வைக்கிறோம்.

மழைக்கு முன்னால் குழாயில் சிக்கிய முள்ளை எடுக்க நான்கு ஆள் போதும். ஒரு நாள் கூலி. புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை அது. ஐப்பசி பிறந்து, ஓடை பெருகி, மறுகரையில் பஸ் நின்ற பிறகு அந்த முள்ளை எடுக்க யாரும் இறங்க முடியாது.